மாடனுக்கு வந்த ரம்

கப்பலில் எண்ணெய் போடும் வேலை பார்த்த நல்லக்கண்ணு, எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் ஊருக்கு வந்தபோது ஒரு பையை மடியை விட்டு இறக்காமலே வந்தான். மதுரையில் கண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார். மாட்டேன் என்றான். ராஜபாளையத்தில் காப்பி குடிக்க இறங்கியவன் பையோடு இறங்கி, பையோடு ஏறினான். சங்கரன்கோவிலில் இறங்கித் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தங்கை முருகம்மாள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, இரண்டு துண்டுக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்துத் தரையில் வைத்தான். அது ஒரு பாட்டில். கப்பல்கார அண்ணன் சேலை கொண்டுவருவான் என்று பார்த்துக்கொண்டிருந்த முருகம்மாளுக்கு முகம் சப்பென்று போய்விட்டது.

"ரம்மு," என்றான் நல்லக்கண்ணு. "நாப்பது வருஷத்து ரம்மு மாப்ளே. ஒங்களுக்குத்தான்."

முருகம்மாளின் புருஷன் வீரபாண்டி, உட்கார்ந்த இடத்திலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தான். பாம்பைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு நகர்ந்திருக்க மாட்டான்.

"எனக்கா?"

"ஒங்களுக்குன்னா ஒங்களுக்கா? மாடனுக்கு. ஒங்க மேல வந்துதான அவரு குடிக்கணும்?"

வீரபாண்டிக்கு வாரத்தில் ஆறு நாள் விசைத்தறி பிட்டர் வேலை. நாடா எகிறினாலும் பல்சக்கரம் உடைந்தாலும் நாலு தெரு தாண்டியும் அவனைத்தான் தேடி வருவார்கள். ஆனால் ஊரில் அவனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது அந்த வேலை இல்லை. கழுகுமலை ரோட்டுக்குத் தெற்கே, பருத்திக்காட்டு ஓரத்தில், வெயிலுக்கு ஒரு மறைப்பும் இல்லாமல் நிற்கிற சுடலைமாடனுக்கு அவன்தான் கோமரத்தாடி. வருஷம் ஒருமுறை கொடைத் திருவிழா நடக்கும்போது மாடன் வந்து இறங்குவது அவன் உடம்பில். அப்பா போன பிறகு இருபத்திரண்டு வயதில் கச்சை கட்டினான். மாடன் சைவச் சாமி இல்லை. கிடா கேட்பார், சுருட்டு கேட்பார், சாராயம் கேட்பார். கேட்டது எல்லாம் வீரபாண்டியின் வாய் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். குடிப்பது சாமி என்று ஊரே கையெடுத்துக் கும்பிடும். மறுநாள் தலைவலி மட்டும் வீரபாண்டிக்கு வரும்.

தொடக்கம் அதுதான். அவன் வாழ்க்கையில் குடித்த முதல் சாராயமே மாடன் குடித்தது. வருஷம் ஒருமுறை என்று இருந்த நாக்கு, மாசம் ஒருமுறை என்று ஆயிற்று. எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊருக்கு ஊர் கடை திறந்தார்களா, அதற்கப்புறம் அவனுக்கு மாடனின் தயவே தேவைப்படவில்லை. காலையில் கை நடுங்காமல் ஸ்பானர் பிடிக்கவே ஒரு கிளாஸ் வேண்டியிருந்தது.

எழுபத்துமூன்றாம் வருஷம் ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் நின்றான். மடியில் ஒன்றும் இல்லை, கடைக்காரரும் மசியவில்லை. அப்போது வீரபாண்டி ஒரு காரியம் செய்தான். கண்ணை மேலே செருகிக்கொண்டு, பல்லைக் கடித்து, "ஏய்!" என்று ஒரு சத்தம் கொடுத்து ஆடத் தொடங்கினான். கடைக்காரர் வெலவெலத்துப்போய் நிறைய ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். ரோட்டில் போனவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கொடை நடத்துகிற தலைக்கட்டுக் குடும்பங்களுக்கெல்லாம் தலைவர் சங்கரநாராயணன் அந்த வழியாக வந்தவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிணறு எந்த இடத்தில் வெட்டலாம் என்று குறி கேட்டார். ஏதாவது சொன்னால் ஆளைவிடுவார் என்று, "வடமேற்கு மூலை," என்றான் வீரபாண்டி.

அந்த நேரம் பார்த்து ஆட்களின் கால்களுக்கிடையே நுழைந்து அவன் மகள் கோமதித்தாய் வந்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா அனுப்பிய ஆறு வயசுப் பிள்ளை. சாமி வந்திருப்பதைப் பார்த்ததும் படக்கென்று காலில் விழுந்தாள். "சாமி, எங்கப்பா குடிக்கக் கூடாது சாமி," என்றாள்.

கையில் கிளாஸோடு நின்றான் சாமி. கூட்டம் மொத்தமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை.

"ஆகட்டும்," என்றான்.

கிளாஸைக் கீழே வைத்தான். அதோடு சரி. அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. முதல் நாற்பது நாள் அவன் பட்ட பாட்டை முருகம்மாள் ஒருத்திதான் பார்த்தாள். அந்த வருஷமே சாராயக்கடைகளை மூடினார்கள், அடுத்த வருஷம் மதுவிலக்கும் முழுசாகத் திரும்பிவந்துவிட்டது. ஆகவே கடை இல்லாததால் திருந்தினான் என்று ஊர் பேசிக்கொண்டது. கள்ளச்சாராயம் எந்தக் காட்டில் கிடைக்கும் என்று தெரியாத ஊர் மாதிரிப் பேசியது! கோமதித்தாய் மட்டும் வேறு சொன்னாள். தான் கேட்டு மாடன் கொடுத்தார் என்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், தண்ணீர் எடுக்கும் இடத்தில் சொன்னாள், கேட்டவர்களிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். சங்கரநாராயணன் வடமேற்கு மூலையில் அறுபது அடி தோண்டினார். பாறைதான் வந்தது. சாமி சொல் பொய்க்காது, நம் வீட்டில்தான் ஏதோ குற்றம் இருக்கிறது என்று வருஷா வருஷம் அவர் பரிகாரக் கிடா வெட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வந்தது மாடன் இல்லை என்று தெரிந்த ஆள் வீரபாண்டி ஒருத்தன்தான். மாடனையும் சேர்த்தால் இரண்டு பேர்.

கடைகளை மூடிய பிறகு போலீசுக்குப் பயந்து கொடையில் மாடனுக்குக் கலர் சோடாதான் படைத்தார்கள். ஆரஞ்சுக் கலர். நாலு கொடைக்கு மாடன் அதைக் குடித்தார். வீரபாண்டிக்கு நிஜமாகவே அருள் வந்தது, நிஜமாகவே ஆடினான், கலர் குடித்தான், ஏப்பம் விட்டான், வீட்டுக்கு வந்தான். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவன் நினைத்திருந்த வேளையில்தான் மச்சான் பாட்டிலோடு வந்து நிற்கிறான்.

"எங்கன வாங்குனீங்க?" என்று கேட்டான் வீரபாண்டி.

"வாங்கவா? இது விலைக்குக் கெடைக்காது மாப்ளே." நல்லக்கண்ணு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "தென் அமெரிக்காவுல வடக்கோரமா கயானான்னு ஒரு தேசம் இருக்கு. கரும்புத் தேசம். சீனி ஏத்த எங்க கப்பல் அங்கன பத்து நாளு கெடந்துச்சு. ஒரு நாளு சும்மா வெளிய போறேன், தப்பு மேளச் சத்தம் கேக்கு. நம்ம ஊரு அடி. போயிப் பாத்தா கோயிலு. கருப்பு கருப்பா நம்ம ஆளுக. ஒருத்தனுக்கும் தமிழு தெரியல. ஆனா வேப்பெல இருக்கு, சூடம் இருக்கு, சாமியாடுதான்."

அங்கேதான் அந்தக் கிழவரைப் பார்த்தானாம். பெயர் வீராசாமி, எழுபது வயசு. ஆற்றங்கரையில் ஒரு ரம் ஆலையில் பீப்பாய் கட்டுகிறவர். அவர் தாத்தாவைக் கரும்புத் தோட்டத்துக் கூலியாக இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊர்ப் பெயரும் சாமி பெயரும் தவிர அந்தக் குடும்பத்தில் தமிழ் எதுவும் மிஞ்சவில்லை. சங்கரன்கோயில், மாடன். நல்லக்கண்ணு தன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் கிழவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லையாம். திரும்பி வந்து மாடனுக்குக் கொடை கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு போன தாத்தா, கடைசிவரை திரும்பவில்லை. அவர் மகனும் வரவில்லை. பேரனுக்கும் வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

"அந்த ஆலைய மூடிட்டாங்க மாப்ளே. கடைசியா ஒரே ஒரு பீப்பாய்தான் கெடந்துருக்கு. முப்பத்தெட்டாம் வருஷம் ஊத்துனது. அந்தப் பீப்பாயக் கட்டுனதே இந்தக் கெழவருதான். தெறந்தா, முக்கா பீப்பாய் காலி. அந்த ஊரு வெக்கைக்கு மரம் வழியா காத்தே குடிச்சிருது. மிச்சத்த, பழைய ஆளுகளுக்கு ஆளுக்கு ஒரு பாட்டிலுன்னு குடுத்துருக்கான். அவரு பங்கு இது. 'கிவ் மாடன்'னாரு. தாரேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். கருப்பட்டிப் பாகு மாதிரி கருஞ்சிவப்பு. வாயில் கார்க்கு அடைத்து மேலே அரக்கு ஊற்றியிருந்தது.

"எங்க கேப்டன் மூணு தடவ கேட்டாரு. எட்டு மாசம் நான் படுக்குற கட்டிலுக்குக் கீழயே கெடந்துச்சு. நானும் குடிக்கவன்தான், பொய் சொல்லல. ஆனா அரக்கத் தொட்டுக்கூடப் பாக்கல," என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. வீரபாண்டிக்கு மச்சான் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ரகசியம் ஒரு நாள் தாங்கியது. மறுநாள் சாயங்காலம் கொடைக்கு வரி போடக் கூடிய தலைக்கட்டுகள் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. இரண்டு வருஷமாக மழை வேண்டிய நேரத்தில் பெய்யாமல் வேண்டாத நேரத்தில் பெய்து மானாவாரிக் காட்டைப் பாழாக்கியிருந்தது. எல்லாருக்கும் காரணம் இப்போது பளிச்சென்று விளங்கிவிட்டது.

"சாமிக்கு நாம கலர ஊத்துனா, சாமி நமக்கு என்னத்த ஊத்தும்?" என்றார் சங்கரநாராயணன். "நாலு வருஷமா அவர ஏமாத்தியிருக்கோம் வே. அவருக்குத் தாகம் தாங்காம கடலுக்கு அந்தாண்டையிருந்து அவரே வரவழைச்சிருக்காரு."

போலீஸ் கேஸ் ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தில் ரிட்டயரான ஏட்டு ஒருவர் இருந்தார். சாமி குடித்தால் எந்தச் செக்‌ஷனும் கிடையாது என்று அவர் அடித்துச் சொன்னார். எல்லாரும் அவரைச் சட்டப் புத்தகத்தையே பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

வீரபாண்டி எழுந்து நின்றான். "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன். பீடத்துல ஊத்திருவோம். அவருக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான?"

"மண்ணு குடிக்கதுக்கா அத்தன தூரம் கப்பல்ல வந்துச்சு? இதென்னலே பேச்சு?"

"நான் அஞ்சு வருஷமா தொடல அண்ணாச்சி."

"ஏலே, குடிக்கது நீயா? சாமிதான குடிக்காரு?"

கூட்டம் முழுவதும் ஆமா ஆமா என்றது. மாடன் குடித்தாலும் தொண்டை வீரபாண்டியுடையது என்று சொன்னால் சிரிப்பார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். கொடைக்குப் பதினோரு நாள் இருந்தது.

முருகம்மாள் அன்று ராத்திரி ஒரு திட்டத்தோடு பேசினாள். "செவகிரியில எங்க சித்தி வீட்டுக்குப் போயிருங்க. வயித்தால போகுது, எந்திரிக்க முடியலன்னு நான் சொல்லிக்கிடுதேன். வேற யாரு மேலயாவது வரட்டும்."

"ஓடி ஒளியச் சொல்லுதியா?"

"ஆமா, ஒளியத்தான் சொல்லுதேன். அந்த நாப்பது நாள இன்னொருக்க என்னால பாக்க முடியாது. கெணத்துல விழுந்து செத்தாலும் சாவேன், பாக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. தன் உடம்பை வீரபாண்டிக்குத் தெரியும். இந்த ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட நாக்கு மறந்ததில்லை. தூங்குகிற நாய்தான் அது, செத்த நாய் இல்லை. ஒரு கும்பா உள்ளே போனால், குடித்தது மாடன் என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

ஆனால் சிவகிரிக்குப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். இந்தக் கொடைக்கு ஒளியலாம். அடுத்த கொடைக்கு? அதோடு, முகம் தெரியாத ஒரு பீப்பாய்க்காரர் மூன்று தலைமுறை நேர்ச்சையைத் தன் மச்சான் கையில் கொடுத்திருக்கிறார். அது மாடனுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தனக்குள் மட்டும் போகக் கூடாது. இந்த இரண்டில் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தான்.

தறிச்சத்தத்துக்கு நடுவே குனிந்து போல்ட்டு முடுக்கிக்கொண்டே நாளெல்லாம் யோசித்தான். அருள் வந்துவிட்டால் கை அவன் கை இல்லை. நீட்டுவதை வாங்கும், வாயில் வைக்கும். பிறகு யோசித்துப் பயனில்லை. அப்படியென்றால் அருள் வராமல் வந்த மாதிரி ஆடலாம். ஆடிக்கொண்டே, "எனக்கு வேண்டாம், மண்ணில் ஊற்று," என்று மாடன் குரலில் சொல்லிவிட்டால் ஊரில் ஒருவர் வாய் திறக்க மாட்டார். காரியம் சுலபமாக முடிந்துவிடும். ஒரே நிமிஷம்.

அந்த யோசனை வந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தான். அவனுக்குக் கூசியது. சாராயத்துக்காக ஒருமுறை சாமி வாயால் பொய் சொன்னான். இப்போது சாராயம் வேண்டாம் என்பதற்காக இன்னொரு முறை சொல்வதா? முதல் பொய்க்குச் சங்கரநாராயணன் அறுபது அடி தோண்டினார். இரண்டாவதற்கு யார் என்ன தோண்டுவார்களோ!

மிச்சம் இருந்தது ஒரே வழி. வீரபாண்டியாக நின்று, வீரபாண்டியின் வாயால் சொல்ல வேண்டும். ஏன் குடிக்க மாட்டாய் என்று கேட்பார்கள். அன்றைக்கு ஆகட்டும் என்று சொன்னது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். ஊர் அடிக்கும். கச்சையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதையெல்லாம் அவன் எண்ணிப் பார்த்துவிட்டான், தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. கோமதித்தாய் விஷயம்தான் தாங்கவில்லை. தான் கேட்டு மாடன் கொடுத்தார் என்று ஐந்து வருஷமாகத் தலைநிமிர்ந்து நடக்கிற பிள்ளை. அவள் விழுந்தது ஒரு குடிகாரன் காலில் என்று அத்தனை பேர் முன்னால் அவளுக்குத் தெரியப்போகிறது. அதற்குப் பிறகு அவள் தன்னிடமும் பேச மாட்டாள், மாடனையும் கும்பிட மாட்டாள் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. தறி ஓட்டுகிற பெண்கள் பார்க்கிறார்களே என்று முகத்தில் எண்ணெய்க் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டான்.

கொடைக்கு முந்தின நாள் முருகம்மாளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் ஆடிய நாளையும் சேர்த்துச் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டு, "நாளைக்குக் கும்பாவுல ஊத்துன பொறவு சொல்லாதீங்க. கையில வாங்குறதுக்கு முந்தியே சொல்லிருங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சித்திரை கடைசி வெள்ளி. மதியக் கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. மாடன் பீடத்தைச் சுற்றிப் பந்தல் போட்டிருந்தார்கள், பந்தலுக்கு வெளியேயும் கூட்டம் நின்றது. வழக்கமாகக் கொடைக்கு எட்டிப் பார்க்காத பெரிய மனிதர்கள்கூட அன்றைக்குப் பக்தியோடு வந்திருந்தார்கள். நையாண்டி மேளம் உறுமிக்கொண்டிருந்தது. வீரபாண்டி குளித்து, ஈரத்தோடு கச்சை கட்டி, குல்லாய் வைத்து, பீடத்துக்கு முன்னால் வந்து நின்றான். பெண்கள் பக்கம் பார்க்கவில்லை. முருகம்மாளும் கோமதித்தாயும் அங்கேதான் நிற்கிறார்கள் என்று தெரியும்.

சங்கரநாராயணன் கண்ணைக் காட்டினார். நல்லக்கண்ணு பாட்டிலைக் கொண்டுவந்து மாடன் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பேனாக்கத்தியால் அரக்கை உடைத்தான். கார்க்கு லேசில் வரவில்லை. வந்ததும் ஒரு வாசனை கிளம்பியது. சாராய வாசனை இல்லை அது. கருப்பட்டி காய்ச்சுகிற வாசனை, கருகிய மரத்தின் வாசனை, கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் வாசனை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. மேளக்காரர்களே ஒரு அடி தவறினார்கள். வீரபாண்டியின் வாய் ஊறிவிட்டது. கடவாயில் எச்சில் நின்றது. தொண்டை தானாக ஏறி இறங்கியது. அதே நேரத்தில் முதுகுத்தண்டில் அந்தப் பழைய நடுக்கமும் தொடங்கியது. அருள் ஏறுகிறது. இன்னும் பத்து அடி மேளம் விழுந்தால் போதும்.

கும்பாவில் ஊற்றினார்கள். கும்பா அவனை நோக்கி வந்தது.

"மேளத்த நிப்பாட்டுங்க!" என்று கத்தினான்.

யாருக்கும் புரியவில்லை. கோமரத்தாடி மேளத்தை நிறுத்தச் சொன்னதே கிடையாது. அவன் போய் மேளக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினான். தலையிலிருந்து குல்லாயை எடுத்தான்.

"நான் வீரபாண்டி பேசுதேன். சாமி பேசல. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. நான் இதக் குடிக்க மாட்டேன். குடிச்சா நாளைக்கு என்னால நிறுத்த முடியாது."

"ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார் சங்கரநாராயணன். "நீயா குடிக்கப்போற? அன்னைக்குச் சாராயக்கடைக்கே வந்து ஒன்னயத் திருத்துன சாமிலே! அவருக்கா ஒன்னயக் காப்பாத்தத் தெரியாது?"

"அன்னைக்கு அவரு வரல அண்ணாச்சி. நான் நடிச்சேன். ஒரு கிளாஸுக்காக நடிச்சேன்."

வீரபாண்டி சங்கரநாராயணன் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"கெணத்துக்கு வடமேற்கு மூலைன்னு சொன்னதும் நான்தான். வாயில வந்ததச் சொன்னேன். ஒங்க வீட்ல ஒரு குத்தமும் இல்ல. எம்மேலதான் குத்தம்."

சங்கரநாராயணனின் முகம் கோணிக்கொண்டது. அறுபது வயசு மனிதர். "அஞ்சு வருஷம்டா," என்றார். "இவ வந்த நேரந்தான் கெணறு பொய்ச்சிருச்சுன்னு எம் மருமகள எத்தன பேச்சுப் பேசியிருப்பேன்! அந்தப் புள்ள கண்ணு நனையாத நாளில்லையே!" ஓங்கி ஒரு அறை விட்டார். இரண்டாவது அறைக்கும் வீரபாண்டி முகத்தைத் திருப்பவில்லை. மூன்றாவதுக்குக் கையை ஓங்கினவர், இறக்கிவிட்டார். "கச்சைய அவுருலே," என்றார்.

வீரபாண்டி அவிழ்த்தான். மடித்து, குல்லாயை மேலே வைத்து, பீடத்தின் கீழே வைத்துவிட்டு வேட்டியோடு நின்றான். அப்பாவும் தானும் கட்டிய கச்சை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. அந்தக் கெழவரு நேர்ச்ச மாடனுக்குப் போய்ச் சேரணும். அதுல என் தப்புக்குச் சம்பந்தமில்ல."

சேர்ப்பதற்கு ஆளுக்கா பஞ்சம்? அந்த வாசனைக்கு முன்னால், பந்தலில் ஏழெட்டுப் பேர் மேல் திடீரென்று சாமி வரப் பார்த்தது. ஒருவர் தலையைச் சிலுப்பினார். ஒருவர் "ஏய்" என்றார். ரிட்டயரான ஏட்டு கண்ணைச் செருகிக்கொண்டு கும்பாவைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தார். நல்லக்கண்ணு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஒருத்தனும் ஆடக் கூடாது!" என்று சங்கரநாராயணன் போட்ட சத்தத்தில் அத்தனை பேர் மேலிருந்தும் சாமி இறங்கிவிட்டது. "இனிமே இந்த ஊர்ல எவன் ஆடுனாலும் நான் நம்ப மாட்டேன். குடு இங்க!"

கும்பாவை வாங்கிப் பீடத்தின் மேல் கவிழ்த்தார். பாட்டிலைப் பிடுங்கி அதையும் கவிழ்த்தார். நல்லக்கண்ணுவின் கண்களிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, துக்கத்திலா பக்தியிலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. காய்ந்து கிடந்த செங்கல் பீடமும் மண்ணும் சர்ரென்று இழுத்துக்கொண்டன. நாற்பது வருஷம் காற்று குடித்து மிச்சம் வைத்ததை மாடன் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார். வாசனை மட்டும் பந்தல் முழுக்க நின்றது. வீரபாண்டி அதைவிட்டு ஓடவில்லை. கடைசிச் சொட்டு விழுகிறவரை அங்கேயே நின்று மூச்சு விட்டான். வாயில் ஊறிய எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கினான். பிறகுதான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

யாரும் வழி மறிக்கவில்லை. ரோட்டோரம் ஒரு வேலிமரத்து நிழலில் முருகம்மாள் நின்றாள். கோமதித்தாய் அவளைவிட்டுத் தள்ளி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வயசுக்கு அவள் உயரம் அதிகம். அவன் பக்கத்தில் போனான். கன்னம் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. அறை வாங்கியபோது வராத பயம் இப்போது வந்தது.

"அன்னைக்கு எங்கிட்ட ஆகட்டும்னு சொன்னது நீங்கதானா?" அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஆமா மக்கா."

"மாடன் இல்ல?"

"இல்ல. எல்லாம் பொய்தான். நான் ஒரு..."

"இருங்க." அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் புருவத்தைச் சுருக்கி, கணக்குப் போடுகிறபோது பார்ப்பாளே, அப்படி அவனைப் பார்த்தாள். "அப்பம் யாரு உங்களக் குடிக்க விடாம வச்சது? அஞ்சு வருஷமா?"

பொய் சொன்னவன், ஏமாற்றியவன், கச்சைக்குத் தகுதி இல்லாதவன் என்றெல்லாம் தன்னைப் பற்றி வீரபாண்டிக்குப் பட்டியல் தெரியும். இந்தக் கேள்வியை அவன் தன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"யாரும் இல்ல மக்கா," என்றான். "நானாத்தான் விட்டேன்."

கோமதித்தாய் அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் போய், தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள்.